எட்டுச் செலவுக்குப் பிறகு வந்த மரண அறிவித்தல்

கேள்வி | 2024.06.04 | பரந்தன் வாசகர் ஒருவர்

அக்கா, இணையத்தில இருக்கிற எங்கட ஊர்க்குழுவை மூண்டு நாள் பூட்டப் போறியளாம். போன வருசம் ரெடிட்டில எட்டாயிரத்துக்கு மேல குழுக்கள் சேந்து பூட்டினவை. கம்பனி அசைஞ்சதே? நாலாயிரம் பேர் இருக்கிற எங்கட குழு பூட்டினா அமெரிக்காவில ஆருக்குக் காய்ச்சல் வரும்? வீண் வேலை. இல்லையெண்டா நிறுவுங்கோ பாப்பம்.

2024.06.04, இரவு 9.40

நிறுவ ஏலாது. ஆனா பூட்டத்தான் போறன். காரணத்தைக் கேள் தம்பி.

மாசியில தருமபுரத்தில என்ர மாமா ஒருத்தர் மோசம் போனார். விடிய நாலு மணிக்கு உயிர் போச்சு. அஞ்சரைக்கு மகன் குழுவில மரண அறிவித்தல் போட்டிட்டான். படம், கிரியை எத்தினை மணிக்கு, எந்த மயானம், எல்லாம் வடிவாய் இருந்தது. ஒட்டுசுட்டானில இருக்கிற என்ர ஒண்டுவிட்ட அக்கா குழு தொடங்கின நாளில இருந்து அதில இருக்கிறா. விடிஞ்சாப் பொழுதுபட்டாப் போனும் கையும்தான். அவவுக்கு அந்த அறிவித்தல் வந்து சேந்தது பத்தாம் நாள். எட்டுச் செலவுக் கிரியையும் முடிஞ்சு பந்தலும் கழட்டியாச்சு. அந்தப் பத்து நாளும் அவவுக்கு என்ன காட்டினது தெரியுமோ? துருக்கிக்காரன் ஒருத்தன் ஐஸ்கிறீமை நீட்டி நீட்டிப் பறிக்கிற வீடியோ. ஏழு தரம் வந்ததாம்.

செத்த வீட்டுக்குப் போகாட்டில் எங்கட ஊரில என்ன நடக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. கலியாணத்துக்கு வராட்டிலும் பொறுப்பினம். மாமி இண்டுவரைக்கும் அவவோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல. "எனக்குப் போனில வரேல்ல மாமி" எண்டு சொன்னா ஆர் நம்புறது?

முந்தி குழுவில புதுசு மேல, பழசு கீழ. தையோட "உங்களுக்கு முக்கியமானது" மேல எண்டு மாத்திப்போட்டினம். எது முக்கியம் எண்டு தீர்மானிக்கிறவன் இந்தப் பக்கத்து ஒரு செத்த வீட்டு வாசலையும் மிதியாதவன். எந்தத் தளம் எண்டு கேக்காதே, எழுத மாட்டன். உந்த வரிசை மாத்துற புத்தி ஒருத்தரோட நிக்கிற புத்தியும் இல்லை.

2024.06.04, இரவு 11.15

தம்பி எண்டவுடன "நீ" வந்திட்டுது. இப்பதான் உங்கட படத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன், நரை தெரியுது. இனி "நீங்கள்".

2024.06.05

ரெடிட் கதையைக் கேட்டு மூண்டு பேர் எழுதியிருக்கினம், அது என்ன எண்டே தெரியாதாம். எங்கட பக்கம் அதைப் பாவிக்கிறவை குறைவு. 2005இல தொடங்கின தளம். ஒவ்வொரு விசயத்துக்கும் ஒரு குழு, அதைப் பாக்கிறதுக்குச் சம்பளமில்லாத அட்மின்மார். என்னை மாதிரி.

2023 சித்திரையில கம்பனி சொல்லிச்சு, ஏ.பி.ஐக்கு இனிக் காசு எண்டு. ஏ.பி.ஐயை இப்பிடி நினைச்சுக்கொள்ளுங்கோ. வளவுக்கு முன் கேற் இருக்கு, பின்னால ஒரு ஒழுங்கையும் இருக்கு. முன் கேற்றால போனா கம்பனியின்ர செயலி, விளம்பரமும் சேத்து வரும். பின் ஒழுங்கையால வேற ஆக்கள் செய்த செயலியள் போய்ப் பதிவுகளை அள்ளிக்கொண்டு வந்து தங்கட சனத்துக்குக் காட்டும். கனபேர் அந்தச் செயலியளைத்தான் விரும்பினவை. அப்பலோ எண்டொரு செயலி, செய்தவர் கிறிஸ்டியன் செலிக். வைகாசி முடிவில அவர் கணக்கை வெளியில விட்டார். ஒரு தரம் போய் எடுக்க 24 சதம். வருசத்துக்கு 2 கோடி டொலர் வருமாம். ஆனி 30ஓட அப்பலோவைப் பூட்டிப்போட்டார்.

அதுக்கு முதல், ஆனி 12இல இருந்து 48 மணித்தியாலம் குழுக்கள் பூட்டினவை. நீங்கள் சொன்ன எட்டாயிரம் அதுதான். தலைமை அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் தன்ர வேலையாட்களுக்கு எழுதினது வெளியில வந்திட்டுது. முந்தின சண்டைகள் மாதிரி இதுவும் கடந்து போகும் எண்ட கருத்தில. கடந்தும் போச்சு.

2024.06.05, பின்னேரம்

மேல கணக்குப் பிழை. மருமகன் பாத்திட்டுச் சிரிக்கிறான். ஒரு தரத்துக்கு 24 சதம் எண்டா அந்த மனுசன் நாட்டையே வித்தாலும் கட்ட ஏலாது. ஆயிரம் தரத்துக்கு 24 சதம். 5 கோடி தரத்துக்கு 12,000 டொலர். அப்பலோ மாதத்துக்கு 700 கோடி தரம் போய் எடுத்ததாம், அப்பிடித்தான் 2 கோடி. படங்கள் வைச்சிருக்கிற இம்கர் எண்ட தளத்துக்கு அதே 5 கோடிக்குத் தான் 166 டொலர்தான் கட்டுறன் எண்டும் செலிக் எழுதினவர். 166 எங்கை, 12,000 எங்கை.

2024.06.06

எங்களுக்கும் ஒரு பின் ஒழுங்கை இருந்தது.

மருமகன் ஒரு சின்னப் புரோகிராம் எழுதி வைச்சிருந்தவன். குழுவில "மரண அறிவித்தல்" எண்ட தலைப்போட ஒண்டு விழுந்தா, அதில பேரையும் நேரத்தையும் எடுத்து, பட்டன் போன் வைச்சிருக்கிற நூற்றுச் சொச்சம் பேருக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பும். காசு என்ர கடை ரீலோட்டில இருந்து போகும், மாதம் பெருசாய் வராது. கனபேர் வயசானவை, தொடுதிரையில விரல் பிடிபடாதவை. தையில அந்த ஒழுங்கைக்கும் மறிப்புப் போட்டாச்சு. விண்ணப்பம் போடு, வியாபாரப் பதிவுச் சான்றிதழ் காட்டு, மீளாய்வுக்குப் பொறு எண்டு வந்தது. சாவுக்கு மீளாய்வோ?

விண்ணப்பத்தில "உங்கள் செயலியின் வருமான வழி" எண்டு ஒரு கேள்வி. மருமகன் "புண்ணியம்" எண்டு எழுதினான். நிராகரிச்சிட்டினம்.

2024.06.07

"காசு கேட்டா என்ன பிழை? மில்காரன் ஓசியிலயோ நெல்லுக் குத்திக் குடுக்கிறான்?" எண்டு முரசுமோட்டையிலயிருந்து ஒருத்தர் கேக்கிறார்.

நியாயமான கேள்வி, நான் ஒரு நாள் யோசிச்சன். ரெடிட் அப்ப லாபம் பாத்த கம்பனி இல்லை. பங்குச் சந்தைக்குப் போகேக்க காட்டின கணக்கில 2023இல வருமானம் 80 கோடி டொலருக்குக் கொஞ்சம் மேல, நட்டம் 9 கோடிக்கு மேல. இன்னொண்டு, செயற்கை அறிவு செய்யிற பெரிய கம்பனியள் அந்தப் பின் ஒழுங்கையால வந்து இருவது வருசப் பேச்சை அள்ளிக்கொண்டு போனவை. அதை ஏன் சும்மா குடுப்பான் எண்டு ஹஃப்மன் கேட்டார். பிறகு கூகிளோட வருசம் 6 கோடி டொலருக்கு ஒப்பந்தம் எண்டு 2024 மாசியில செய்தி வந்தது.

ஆனா அண்ணை, மில்லில குத்திற நெல்லு ஆரின்ர? விதைச்சது, களை பிடுங்கினது, யானைக்கு வெடி கொழுத்திக் காவல் கிடந்தது எல்லாம் கமக்காரன். மில்காரன் மெசினுக்குக் காசு கேக்கட்டும். நெல்லையும் தன்ர எண்டு சொல்லி வித்துப்போட்டு, தவிட்டுக்கும் என்னட்டைக் காசு கேட்டா?

2024.06.07, கொஞ்ச நேரத்தில

இருவது வருசம் இல்லை, பதினெட்டு. அவசரத்தில எழுதுறது.

2024.06.08

இதைச் சொல்லாமல் விட்டா எனக்கு நித்திரை வராது.

எங்கட குழுவில ஒரு அண்ணை இருக்கிறார், 2009இல ரெண்டு கண்ணும் போனவர். போன் வாசிச்சுக் காட்டும், அவர் கேட்டுக் கேட்டு எழுதுவார். குழுவில நெல்லு விலையை ஆர் முதல் போடுறது எண்டு பாத்தா அனேகமா அவர்தான். தையில தோற்றத்தை மாத்தினதோட, அவற்ற போன் வாசிக்கிறது "பட்டன், பட்டன், பட்டன்". எந்தப் பட்டன் எண்டு அதுக்குத் தெரியாது. கடைக்கு வந்து மேசையில போனை வைச்சிட்டு, "தங்கச்சி, இவங்கள் என்னை ரெண்டாந்தரம் குருடாக்கிப்போட்டாங்கள்" எண்டார். சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர்.

ரெடிட் சண்டையிலயும் முன்னுக்கு நிண்டது பார்வையில்லாத ஆக்களின்ர குழு. கம்பனியின்ர செயலியில அவைக்கு ஏலாது, வெளியாள் செய்த செயலிதான் கைத்தடி. கடைசியில, காசு உழைக்காத, அவைக்கெண்டு செய்த சில செயலியளுக்கு விலக்குக் குடுத்தினம். முழுச் சண்டையிலயும் கையில கிடைச்ச பலன் எண்டு எனக்குத் தெரியிறது அது ஒண்டுதான்.

ஆகவே பரந்தன் அண்ணை, "ஒண்டும் நடக்கேல்ல" எண்டது முழுக்கச் சரியில்லை.

2024.06.09

ரெடிட்டை விட்டுப்போட்டு வேற கதை. "பாவிக்கிறவை கம்பனியை விழுத்தினதா ஒரு வரலாறும் இல்லை" எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். இருக்கு. டிக்.

2007 மே 1. திரைப்பட வட்டு ஒண்டின்ர பூட்டை உடைக்கிற ஒரு எண் டிக் தளத்தில ஓடித் திரிஞ்சது. வழக்கு வரும் எண்ட பயத்தில அழிச்சினம். சனம் முன்பக்கம் முழுக்க அதே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டு நிரப்பிச்சு. அண்டைக்கே நிறுவினவர் கெவின் றோஸ், சரி, இனி அழிக்க மாட்டம் எண்டு இறங்கி வந்தார். வெற்றி.

அதே தளம், அதே சனம். 2010 ஆவணியில நாலாம் பதிப்பு எண்டு புதுத் தோற்றம். பதிவைக் கீழ தள்ளுற பட்டனை எடுத்துப்போட்டு, பெரிய பத்திரிகையளின்ர செய்தியை மேல ஏத்தினவை. சனம் முன்பக்கம் முழுக்க ரெடிட்டின்ர இணைப்பாய்ப் போட்டு நிரப்பிப்போட்டு, ரெடிட்டுக்கே குடிபோச்சு. ரெண்டு வருசத்தில டிக்கை ஏதோ 5 லட்சம் டொலருக்கு வித்தவை. கொழும்பில ஒரு வீட்டு விலை.

எண்டபடியால் குடிபோனாக் கம்பனி விழும். ஆனா குடிபோக இன்னொரு வளவு பக்கத்தில இருந்தது. அதைக் கவனியுங்கோ.

2024.06.09, இரவு

குடிபோறது எண்டு நான் லேசாய் எழுதிப்போட்டன். 2021 தையை மறந்திட்டன்.

வட்ஸ்அப் புது விதி போட்டது, மாசி 8க்கு முதல் ஓம் எண்டு சொல்லு எண்டு. உலகம் முழுக்கக் குழப்பம். பெடியள் சிக்னல் எண்ட வேற செயலிக்கு மாறக் கடைக்கு வந்து "அக்கா சிக்னல் போட்டுத் தாங்கோ" எண்டு வரிசையில நிண்டாங்கள். முப்பது பேருக்காவது போட்டிருப்பன். சிக்னலுக்கு அவ்வளவு சனம் பாஞ்சதில தை 15 அதுவே படுத்திட்டுது. வட்ஸ்அப் திகதியை வைகாசி 15க்குத் தள்ளி வைச்சது. அதுக்கிடையில பெடியள் எல்லாரும் திரும்பி வந்திட்டாங்கள். அம்மாமார் குரல் பதிவு அனுப்புறது அதில, கனடா அழைக்கிறது அதில. என்ர சிக்னலில ரெண்டு கிழமைக்குப் பிறகு மிஞ்சி இருந்தது ரீலோட் ஏஜென்ட் ஒருத்தர்தான். அவரும் காசு கேக்கத்தான் வருவார்.

நாங்கள் குடிபெயரத் தெரியாத சனமில்லை. ஒரு ஊர் முழுக்க ஒண்டாய் எழும்பி, உழவு மெசின் பெட்டியில அம்மி தொடக்கம் ஆட்டுக்குட்டி வரைக்கும் ஏத்திக்கொண்டு போன சனம். ஆனா அது எல்லாரும் ஒரே நாளில எழும்பினபடியால. செயலி மாறுறது அப்பிடியில்லை. ஒவ்வொருத்தராய்ப் போகோணும். முதல் போறவன் தனிய நிப்பான்.

2024.06.10

"அட்மின் எண்டா என்ன ராசாவோ, பூட்டுறதுக்கு உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?" எண்டு ஒரு கேள்வி. பேர் போடாத ஆள். எழுத்துப் பிழையைப் பாத்து எனக்கு ஆள் விளங்கீட்டுது, பறவாயில்லை.

ஹஃப்மனும் போன வருசம் இதைத்தான் கேட்டவர். ஒரு பேட்டியில அட்மின்மாரை நிலப்பிரபுக்கள் எண்டார், முதல் வந்து குந்தினவன் பரம்பரை பரம்பரையாய் ஆளுறான் எண்ட கருத்தில. வன்னியில இருந்துகொண்டு இந்தப் பேச்சை வாங்க எனக்குக் கொடுப்பினை இருக்கோணும். சிற்றரசர்மாருக்கு வன்னிபம் எண்டு ஒரு பட்டமே இருந்த மண்ணெல்லோ. மருமகனுக்குச் சொல்லியிருக்கிறன், இனி என்னை "வன்னிபம்" எண்டு கூப்பிடச் சொல்லி. கூப்பிடுறானில்லை.

சிரிப்பை விட்டா, கேள்வியில விசயம் இருக்கு. நாலாயிரம் பேரில எத்தினை பேரைக் கேட்டனான்? மூண்டு அட்மின்மார் என்ர கடை வாங்கில இருந்து தேத்தண்ணி குடிச்சு எடுத்த முடிவு. இண்டைக்கு வாக்கெடுப்புப் போடுறன்.

2024.06.12

வாக்கெடுப்பு முடிவு: பூட்டு 311, பூட்டாதே 94. மிச்சம் எல்லாருக்கும் வாக்கெடுப்பே போய்ச் சேரேல்ல. அது அவைக்கு முக்கியமில்லையாம்.

2024.06.13

பூட்டுறதுக்கு முதல் ஒரு பழைய பாவக்கதை. 2015 ஆடியில ரெடிட் விக்டோரியா ரெய்லர் எண்ட பிள்ளையை வேலையால நிப்பாட்டினது. பெரிய ஆக்கள் வந்து சனத்தின்ர கேள்விக்குப் பதில் சொல்லுற குழுவுக்கு அந்தப் பிள்ளைதான் முதுகெலும்பு. நூற்றுக்கணக்கான குழுக்கள் பூட்டினவை. அப்ப தலைமையில இருந்தது எலன் பாவ் எண்ட பொம்பிளை. அவவை விலகச் சொல்லி 2 லட்சத்துக்கு மேல கையெழுத்து. எட்டு நாளில விலகினா. வெற்றி எண்டு கொண்டாடிச்சினம். அவ போன பிறகுதான் முந்தின தலைமை அதிகாரி யிஷான் வொங் எழுதினார், நிப்பாட்டின முடிவு அவவின்ர இல்லை, நிறுவினவரில ஒருத்தரான அலெக்சிஸ் ஒகானியனின்ர எண்டு. அவ இருந்த கதிரைக்கு வந்தவர்தான் ஹஃப்மன்.

கோவம் நியாயம், ஆள் பிழை. அவவுக்கு வந்த வசவில பாதி பொம்பிளை எண்டதுக்காகவும் வந்தது. நாளைக்குப் பூட்டேக்க எங்கட பெடியள் ஆரையும் பேர் சொல்லித் திட்டக் கூடாது எண்டு விதி போட்டிருக்கிறன். கொழும்பு அலுவலகத்தில போன் எடுக்கிற பிள்ளை என்ன செய்யும்?

2024.06.14, விடிய 6.00

பூட்டியாச்சு.

2024.06.15, மத்தியானம்

திறந்தாச்சு. இருவது நிமிசத்துக்கு. கல்மடுப் பக்கம் ஒரு அம்மா மோசம் போட்டா. பூட்டுறதோ திறக்கிறதோ எண்டு மூண்டு பேரும் ஆளையாள் பாத்தம். தபால்கார அண்ணை சொன்னார், "ஹர்த்தால் நேரம் அம்புலன்சை விடுறேல்லையோ?" அறிவித்தலைப் போட்டிட்டுத் திரும்பப் பூட்டினம்.

2024.06.17

மூண்டு நாள் அறிக்கை.

கம்பனிக்கு: தெரியாது. அதைப் போல நட்டமில்லாத ஒரு மூண்டு நாளை அது கண்டிருக்காது.

எங்களுக்கு: விசுவமடுவில துலைஞ்ச சிவலைப் பசு ரெண்டு நாள் பிந்திக் கிடைச்சது. குறி போட்ட படம் வெள்ளிக்கிழமையே போட்டிருந்தா அண்டைக்கே கிடைச்சிருக்கும், கண்டவர் பக்கத்து வளவு. சீமெந்து விக்கிற தம்பி என்னோட கோவம். "ஊர் 2" எண்டு புதுக்குழு ஒண்டு முளைச்சு, எங்கட ஆக்களில ஐநூறு பேரைக் கொண்டு போச்சு. தொடங்கினவர் மேல பத்தாம் திகதி பேரில்லாமல் கேள்வி கேட்டவர். வாழ்த்துக்கள்.

ஹர்த்தால் எண்டா எங்களுக்குப் புதுசில்லை. ஏ9 றோட்டில கடையெல்லாம் பூட்டி வெறிச்சோடிக் கிடந்த நாளுகள் எத்தினை. அண்டாடம் கூலிக்குப் போறவன்தான் அண்டைக்குப் பட்டினி. கொழும்பில எவனும் சோறு குறைச்சுச் சாப்பிட்டதாய் நான் கேள்விப்படேல்ல. அதைத் தெரிஞ்சுகொண்டும் நான் இதைச் செய்தனான்.

2024.06.17, இரவு

ஒரு விசயம் எழுதி அழிச்சு, திரும்பவும் எழுதுறன். ஒப்பிடக்கூடாத ஒப்பீடு எண்டா மன்னியுங்கோ.

ரெடிட் ஆக்கள் விட்ட பிழை 48 மணித்தியாலம் எண்டு முடிவையும் சேத்து அறிவிச்சது எண்டு நினைச்சன். ரெண்டு நாள் பல்லைக் கடிச்சாக் கம்பனிக்கு அலுவல் முடிஞ்சுது. நானும் மூண்டு நாள் எண்டு அதே பிழையை விட்டன். கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் 2017 மாசி 20 குந்தினவை முடிவு நாள் சொல்லிக் குந்தேல்ல. அதுதான் போராட்டம் எண்டு எழுதினன்.

பிறகு யோசிச்சன். ஏழு வருசம் தாண்டிட்டுது. குந்தின தாய்மாரில எத்தினை பேர் பதிலில்லாமலே கண்ணை மூடிட்டினம். முடிவு நாள் வைக்காட்டிலும் பதில் வரேல்ல. அப்ப என்ர கணக்கு எங்க போகுது? அதாலதான் அழிச்சனான். ரெடிட்டிலயும் 48 மணித்தியாலத்துக்குப் பிறகும் திறக்காமல் நிண்ட குழுக்கள் இருந்தவை. திறக்காட்டில் வேற ஆளைப் போடுவம் எண்டு கம்பனி சொல்ல, ஒவ்வொண்டாய்த் திறந்தவை. படங்களுக்கான ஒரு பெரிய குழு திறந்துபோட்டு, ஜோன் ஒலிவர் எண்ட தொலைக்காட்சிக்காரரின்ர படம் மட்டும்தான் போடலாம் எண்டு விதி வைச்சது. அந்த மனுசனும் சந்தோசமாய்த் தன்ர படங்களை அனுப்பினார். எனக்கு அந்தக் குழப்படி பிடிச்சுது.

2024.06.19

"அப்ப எங்கட குழுவிலயும் ஒரு படம் மட்டும் போடுவமே" எண்டு நாலு பேர் கேக்கினம். ஆற்ற படம்? தபால்கார அண்ணையின்ர படம் எண்டு முடிவு. அவர் வேட்டி கட்டி, பவுடர் போட்டு, ஸ்ரூடியோவில எடுத்த படத்தோட வந்து நிக்கிறார். அந்த ஆளைப் பாத்தாப்பிறகு வேண்டாம் எண்டு சொல்ல மனம் வரேல்ல. ஒரு நாள் போட்டம். அவருக்கு ரெண்டு பக்கத்தால கலியாணம் பேசி வந்தது. பேரப்பிள்ளை இருக்கு மனுசனுக்கு.

2024.06.22

கனடா, ஸ்காபரோவில இருந்து இன்னொரு மாமி எழுதியிருக்கிறா: "அரசாங்கம் பூட்டேக்க ஒருத்தரும் கதைக்கேல்ல, கம்பனி ஒரு பட்டனை மாத்தினதுக்கு இந்தக் கூத்தோ?"

மாமி, கதைச்சனாங்கள். 2018 பங்குனியில திகன கலவரத்தோட சமூக வலைத்தளங்களைப் பூட்டினது, 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு பூட்டினது, 2022 சித்திரை 3 ஆர்ப்பாட்டத்தை மறிக்கப் பூட்டினது. கடைசி ஒரு நாள் கூட நிக்கேல்ல. என்ர கடையில மறிப்பைத் தாண்டுற வி.பி.என் செயலி போட்டுக் குடுத்தே கை நோ. அரசாங்கம் பூட்டினா எல்லாருக்கும் தெரியும், ஒண்டாய்ப் பேசலாம். வரிசையை மாத்தினா ஆருக்கு எது வரேல்ல எண்டு ஆருக்கும் தெரியாது. வராததை என்னண்டு காணுறது?

மற்றது, நீங்கள் இதைப் பற்றிக் கதைக்கக் கூடாது. பங்குனி வெயிலில, வாய்க்கால் வெடிச்சுக் கிடக்கேக்க, சாமம் ரெண்டு மணிக்குப் போன் எடுத்து "இரணைமடு வான்கதவு திறக்கிறாங்களாம், மாட்டை அவிட்டு விட்டியளே?" எண்டு கத்தினது ஆர்? 2018 மார்கழி வெள்ளத்துக்கு நான் போட்ட எச்சரிக்கை உங்களுக்கு ஆறாம் வருசத்தில வந்து சேந்திருக்கு.

2024.06.23

மாமி சொல்லுறா அது ரெண்டு மணியில்லை, மூண்டரை. திருத்திக்கொள்ளுங்கோ.

2024.07.02

பத்து நாளாய் எழுதேல்ல. சிறுபோக வேலை, கடையிலயும் சனம்.

ஒருத்தர் 2022 கதை ஒண்டு அனுப்பியிருந்தார். இன்ஸ்ரகிராம் திரை முழுக்க வீடியோவாய் மாத்திப் பரீட்சை பண்ண, சனம் மனுப் போட்டுக் கத்திச்சு. கைலி ஜென்னர், கிம் கர்தாஷியன் ரெண்டு பேரும் அதைப் பகிர்ந்தினம். சில நாளில தலைவர் அடம் மொசேரி பின்வாங்கினார். அப்ப ஆர் கத்தினது எண்டதுதான் விசயம். எங்களிட்டை இருக்கிறது தபால்கார அண்ணை.

ஆனா பகிடியில்லை. அண்ணை முப்பது வருசம் இந்த றோட்டில சைக்கிளில தபால் குடுத்தவர். சாவுத் தந்தி வந்தா, மற்றக் கடுதாசி எல்லாத்தையும் கந்தோரில வைச்சிட்டு அதை முதல் கொண்டு போவாராம். மழையோ, செல்லடியோ. "அதுக்கு ஒரு சட்டமும் எழுதி வைக்கேல்ல தங்கச்சி. சாவெண்டா முதல். அவ்வளவுதான்." அவருக்கு விளங்காதது ஒண்டுதான்: இவ்வளவு படிச்ச மெசினுக்கு இது ஏன் தெரியாது எண்டு.

தெரியும் அண்ணை, ஆனா சாவு அறிவித்தலைப் பாத்திட்டுச் சனம் போனை வைச்சிட்டு எழும்பிப் போயிடும். ஐஸ்கிறீமுக்கு இருந்து பாக்கும். அதுக்குள்ளதான் விளம்பரம் ஓடும்.

2024.07.06

கரும்பலகை வாங்கினன். பள்ளிக்கூடத்தில கழிச்ச பழைய பலகை, மூலையில உடைவு. கடை வாசலில, றோட்டால போறவைக்குத் தெரியிற மாதிரி மாட்டியிருக்கு. மேல மரண அறிவித்தல், கீழ நெல்லு விலை, மாடு, யானை நிக்கிற இடம். தபால்கார அண்ணைக்குத்தான் எழுத்து வேலை. அச்சு மாதிரி எழுத்து.

பஸ்காரர் மெதுவாக்கி வாசிச்சிட்டுப் போயினம். பார்வையில்லாத அண்ணைக்கு நான் போன் எடுத்து வாசிக்கிறன். பட்டன் போன்காரருக்கு மருமகன் பலகையைப் பாத்துக் கையால எஸ்.எம்.எஸ் அடிக்கிறான், புரோகிராம் எழுதினவன் இப்ப புரோகிராமாய் இருக்கிறான்.

குழுவைப் பூட்டேல்ல. அதுவும் ஓடுது. ஒட்டுசுட்டான் அக்கா மட்டும் விலகினா. அவவுக்குச் செத்த வீடு எண்டா இப்ப நானே போன் எடுக்கிறது.

2024.07.19

பரந்தன் அண்ணை கேட்டிருக்கிறார், அப்ப தான் சொன்னது சரிதானே எண்டு. பூட்டினது வீண் எண்டது சரி. அதுக்குள்ள திறந்த இருவது நிமிசம் வீணில்லை. இதுக்கு மேல என்னட்டை மறுமொழி இல்லை.

2024.07.30

ஆரோ பலகையைப் படமெடுத்துக் குழுவில போட்டிருக்கினம். அறிவித்தலை எழுத்தாய்ப் போட்டா நாப்பது பேருக்குக் காட்டுற மெசின், பலகைப் படத்தை ரெண்டாயிரம் பேருக்குக் காட்டியிருக்கு. தபால்கார அண்ணையின்ர கையெழுத்துக்குத்தான் அத்தினை இதயம்.

2024.08.11

பலகைப் படம் இன்னும் ஓடுது. காலமை ஒட்டுசுட்டான் அக்கா பதறிக்கொண்டு போன். தான் விலகீட்டன், மகளின்ர போனில பாத்தவவாம், ஆரோ எங்கட ஆள் மோசம் போட்டாராம், நாளைக்குக் கிரியையாம், சீலை மாத்திக்கொண்டு நிக்கிறாவாம், பஸ் எத்தினைக்கு எண்டு கேக்கிறா.

அது போன மாசத்துச் சாவு. அண்ணை "நாளை" எண்டு எழுதினவர், திகதி போடேல்ல. இப்ப பலகையின்ர உச்சியில சிவப்புச் சோக்கால திகதி எழுதுறம், உள்ளங்கை அளவில.